ஒரே பெட்டியில் வந்த நாலு டிஸ்க்

ஆபீஸில் அவனுக்கு 'எக்ஸ்பர்ட்' என்று பேர். கிண்டலுக்கு வைத்ததை அந்த மனுஷன் விருதாக எடுத்துக்கொண்டான்.

மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் பாடியது, சண்டை போட்டது, பல் விழுந்த வாயால் கதை சொன்னது எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் மிச்சம் இருந்தன. அதைப் பத்திரப்படுத்த வீட்டில் 'ரெய்டு' என்ற டிஸ்க் அமைப்பைப் போடப்போவதாக எக்ஸ்பர்ட் அறிவித்தான். நாலு டிஸ்க் சேர்ந்து வேலை செய்யும், ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும் என்றான். டிஸ்க்குகளை இணைத்து ஓட்டும் கன்ட்ரோலர் கார்டுக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன், டிஸ்க் நாலையும் ஒரே பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தான். ஒன்றாகச் செய்தவை ஒன்றாகவே சாகலாம் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்து, பழைய டிஸ்க்கை அழிக்க உட்கார்ந்தான்.

"அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டுமேங்க," என்றாள் மனைவி.

"குழந்தைக்குக் காய்ச்சல் முத்தினதே தெரியல உனக்கு. நீ எனக்கு டிஸ்க் பத்திச் சொல்றியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையலறைக்குப் போய்விட்டாள். அவன் அழித்தான்.

மழைக்காலத்தில் ஒரு டிஸ்க் செத்தது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டி, மற்ற மூன்றிலிருந்தும் அதை நிரப்ப விட்டான். பாதி வழியில் இன்னொன்றும் மண்டையைப் போட்டது; இரண்டு போனால் எதுவுமே மிஞ்சாது. கன்ட்ரோலர் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. டேட்டா மீட்டுக் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

எக்ஸ்பர்ட் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவள் கை தானாகக் கைப்பைக்குள் போனது. அவன் அழிப்பதற்கு முந்தின நாளே, இந்த ஆளை நம்ப முடியாது என்று, அத்தனையையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தாள். தினமும் பஸ்ஸில் வரும்போது அதைப் போனில் மாட்டிக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

"நீ அன்னைக்கே என் கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கணும்," என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அவளையும் விட்டுட்ட, இதையும் விட்டுட்ட."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்கேயும் ஒரு காப்பி கூட இல்லையா?"

"இல்லீங்க."

"அவ குரல் மறந்துபோயிடுமா?"

"ஆமா," என்றாள். "மறந்துபோயிடும்."