தப்பாகச் சொல்லும் வேடம்

திருச்செங்கோட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் விடுதிப் பள்ளியின் விளம்பரத் தட்டியில், நீச்சல் குளத்துக்கும் குதிரையேற்றத்துக்கும் நடுவே ‘நாடகக் கலை’ என்று ஒரு வரி இருக்கிறது. நீச்சல் குளத்தில் தண்ணீர் கிடையாது. குதிரையை யாரும் பார்த்ததில்லை. நாடகத்துக்கு மட்டும் சுகன்யா மிஸ் என்று ஓர் ஆள் நிஜமாகவே இருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புதன்கிழமை ஆறாவது பீரியட் நாடகம். ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வெங்கடாசலம்தான் எடுக்கிறார். “போர்ஷன் முடியலீங்க மிஸ், அடுத்த வாரம் நீங்க எடுத்துக்கங்க” என்பார். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. ஆனாலும் நாடகத்துக்குப் பரீட்சை உண்டு. மனதில் இருப்பது உடம்பிலும் முகத்திலும் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். அது எட்டு வகை. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது.

பிப்ரவரியில், கலைப் பாடங்களைப் பார்த்துத் தரம் போட ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. தாளாளர் கதிர்வேல் என்னைக் கூப்பிட்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளில் சம்பாதித்துப் பள்ளி கட்டியவர். போர் போடுகிற அவசரத்திலேயே பிள்ளைகளையும் துளைப்பார்.

“மூணு நாளு முழுசா புள்ளைங்களை எடுத்துக்கங்க மிஸ். வருசம் பூரா நாடக வகுப்பு நடந்தாப்பல ஒரு வகுப்பு நடத்திக் காட்டோணும். எல்லாருமே சரியாச் சொன்னா அதிகாரி நம்ப மாட்டாருங்க. ஒரு புள்ள தப்பாச் சொல்லோணும், நீங்க திருத்தோணும். அப்பத்தான் நெசமாட்ட இருக்கும்” என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து மூன்று நாள் கிடைக்கிறது. வகுப்பு பொய்யாக இருந்தால் இருக்கட்டும், பிள்ளைகள் பொய்யில்லையே.

மெய்ப்பாடு எத்தனை என்று நான் கேட்க, ஒரு பிள்ளை அச்சத்தை விட்டுவிட்டு ஏழு என்று சொல்ல வேண்டும். இதுதான் வேடம். யார் வருகிறீர்கள் என்றதும் வகுப்பே குனிந்துகொண்டது. எங்கள் பள்ளியில் ஒரு பதில் தப்பானால் அன்று சாயங்காலத்துக்குள் பெற்றோரின் போனுக்குச் செய்தி போய்விடும். கடைசியில் நானே தனப்பிரியாவைப் பிடித்தேன். முதல் ரேங்க், கணீரென்ற குரல்.

“மிஸ், ஊட்டுக்கு மெசேஜ் போயிருமுங்களா?”

“போகாது சாமி. இது நடிப்பு. நான் பொறுப்பு.”

முதல் நாள் அவளால் முடியவில்லை. ‘ஏழு’ என்று வாயைத் திறப்பாள், அடுத்த நொடி “எட்டுங்க மிஸ், எட்டு” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மூன்றாம் நாள் என்னை நேராகப் பார்த்து “ஏழுங்க மிஸ்” என்றாள், சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏழு, ஏழு என்று குதித்துக்கொண்டே போனாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே நான் படித்த படிப்பு வீணில்லை என்று நினைத்தேன்.

அதிகாரி வந்தார். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் கதிர்வேல், பின்வரிசையில் வகுப்பாசிரியர் என்ற முறையில் வெங்கடாசலம். நான் கேட்டேன். தனப்பிரியா எழுந்து, அச்சத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விரல் விட்டு எண்ணி, துளியும் பிசகாமல் “ஏழுங்க மிஸ்” என்றாள்.

கதிர்வேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“ஏழா? மொத ரேங்க் வாங்கற புள்ள ஏழுங்குது! எட்டு! எட்டு! பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தப்பாகச் சொல்லச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. தனப்பிரியாவுக்குக் கை நடுங்கியது, உதடு துடித்தது, விரல்கள் பாவாடையைக் கசக்கின. இது எதையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

“அபாரம்! விட்டுப்போனது அச்சம். அதை வாயால சொல்லாம நடிச்சே காட்டிட்டீங்க. அதுக்காகத் தாளாளரே வேஷம் கட்டியிருக்காரு பாருங்க!”

கதிர்வேலுக்கு ஒரு விநாடி புரியவில்லை. அடுத்த விநாடி கும்பிடு போட்டார். “எல்லாம் நம்ம மிஸ்ஸோட டிரெய்னிங்குங்க” என்றார். அந்தப் பிள்ளை நடிக்கவில்லை ஐயா, பயந்து நடுங்குகிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, நானும் கும்பிட்டேன். பள்ளிக்கு முதல் தரம் கிடைத்தது.

மறுநாள் காலை தனப்பிரியாவின் அம்மா, இளம்பிள்ளை ஊரில் தறி வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். தாளாளர் சத்தம் போட்டதுமே, வெங்கடாசலம் பழக்க தோஷத்தில் பின்வரிசையிலிருந்தே செய்தியைத் தட்டிவிட்டிருக்கிறார்.

“எம்புள்ள பெரிய ஆபீசருக்கு முன்னால தப்புச் சொல்லிப்போட்டாளாமுங்களே மிஸ்?”

எல்லாவற்றையும் விளக்கினேன். அது வேடம் என்றேன், தாளாளரே வைக்கச் சொன்னது என்றேன், அதிகாரி கைதட்டியதைச் சொன்னேன். நான் எழுதிய தாளையே எடுத்துக் காட்டினேன். ‘தனப்பிரியா: ஏழு’ என்று என் கையெழுத்தில் இருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார்.

“நடிப்புன்னே இருக்கட்டுமுங்க. நடிக்கறப்பவும் சரியாச் சொன்னா என்னங்க கொறஞ்சு போகுது?”

பொறுப்பு என்று சொன்னவள் நான், கூனிக் குறுகி நின்றேன். அம்மாவின் பக்கத்தில் நின்ற தனப்பிரியாதான் பேசினாள்.

“அடுத்த தடவை எனக்குச் சரியாச் சொல்ற வேசம் குடுங்க மிஸ்.”

சரி என்றேன்.