காதில் விழும்வரை

ஜோதியம்மாள் வாயைத் திறப்பதற்குள் தனம் அதைக் கையால் பொத்தினாள். ஜோதியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையில் எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஒப்பாரி அவளுடையதுதான். அந்தக் குரல் எழுந்துவிட்டால் ஊருக்குத் தனியாக ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

"அழாதக்கா. அவரு இன்னும் ரெண்டு தரம் இந்த வழியா வரணும்."

ஜோதியம்மாள் மிரண்டுபோய்க் கட்டிலைப் பார்த்தாள். ஜன்னலோரம் போட்ட கட்டிலில் வளவன் படுத்திருந்தான். ஒன்பது வயசு. ரத்தப் புற்றுநோய். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா தனத்தின் மடியில் தலை இருக்கும்போதே மூச்சு நின்றிருந்தது. மருந்தால் முடி கொட்டிய தலைக்குப் போட்டிருந்த குல்லாயைக்கூட அவள் எடுக்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவனுடைய அப்பா அந்த நேரத்தில் மலைக்கு அந்தப்பக்கம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தான்.

பரசுராமன் பஸ் டிரைவர். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஓட்டுகிறவன். வாழ்க்கையில் ஒருநாளும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில்லை. அவன் ஏறாமல் பஸ் கிளம்பாது. தொப்பை வேறு. போன வருஷம் சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர், "இந்த வகைக்கு இன்னும் சரியான மருந்து கண்டுபிடிக்கலை, தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். திரும்பி வரும்போது வளவன் கேட்டான்: "தேடறவங்களுக்கு யாருப்பா சம்பளம் குடுக்கறது?"

அந்தக் கேள்விதான் பரசுராமனை ஓட வைத்தது. குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மலையை மூன்று சுற்று ஓடும் பந்தயம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டான். அவன் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். "மூணு சுத்தும் முடி, டிரைவரே. முடிச்சா ஆராய்ச்சிக்குக் கட்டாயம் பணம் தரோம்" என்றார்கள். வளவனும் விடவில்லை. "மூணும் ஓடணும்பா. நடந்தா செல்லாது."

முதல் சுற்றில் பரசுராமன் வாசலைக் கடந்தபோது இருட்டு. வளவன் விழித்திருந்தான். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். பரசுராமன் ஓடிக்கொண்டே அதைத் தட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் வளவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

பந்தயம் பார்க்க முந்தின நாளே வந்திருந்த பரசுராமனின் அண்ணன் சக்கரபாணி, கொல்லைப்புறத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டை மாட்டியிருந்தார். கையில் மொபெட் சாவி.

"போய் அவன இட்டாந்துர்றேம்மா."

"வேணாம் மாமா. முடிச்சிட்டு வரட்டும்."

"இன்னா பேசற நீ? புள்ளய இப்படிப் போட்டு வச்சிக்கினு அவன் மலையச் சுத்தறதா? தீட்டும்மா. சுத்தக் கூடாது."

"நீங்க சபரிமலை போயிருந்தப்ப உங்க சின்னம்மா செத்தாங்க. நீங்க எறங்கி வர்ற வரைக்கும் யாரும் சொல்லலை. காதுல உழாத வரைக்கும் தீட்டு இல்லன்னு அப்ப நீங்கதான் சொன்னீங்க."

"அது சின்னம்மா. இது பெத்த புள்ளடி." அவர் அவளை அதுவரை 'டி' போட்டதில்லை.

"தெரியும் மாமா" என்றாள் தனம். "ஒருத்தரும் சொல்லக் கூடாது."

ஆராய்ச்சி, ஊரிலிருக்கிற மற்றப் பிள்ளைகள் என்றெல்லாம் நினைக்கிற மனசு அவளுக்கு அப்போது இல்லை. வளவன் கேட்டது மூன்று சுற்று. அது ஒன்றுதான் அவனுக்கு இன்னும் செய்யக்கூடியதாக மீதி இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டிருக்கிறோமா, இல்லை உள்ளே ஒன்றுமே இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சக்கரபாணி சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். தனம் போர்வையை வளவனின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். பெரிய டம்ளரில் குளுக்கோஸ் கலக்கி, கொஞ்சம் உப்புப் போட்டு, எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வெயில் வந்திருந்தது. சென்னைப் பையன்கள் இரண்டு பேர் முதலில் போனார்கள். வெகுநேரம் கழித்துப் பரசுராமன் வந்தான். பனியன் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. நின்று டம்ளரை வாங்கி அண்ணாந்து குடித்தான்.

"கண்ணு முழிச்சானா?"

"தூங்கறான்."

"மூணாவதுக்கு எழுப்பி வை. பாக்கணும்னு சொன்னான்."

"சரி. நீங்க போங்க."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவன் உடனே போகவில்லை. அவள் தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்தான். தனம் டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த குளுக்கோஸ் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலடிச் சத்தம் மறுபடி தொடங்கி, தேய்ந்து, நின்றது.

உள்ளே வந்து வளவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை சில்லிட்டிருந்தது. அதைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பால்காரன் வந்தான், சக்கரபாணி போய்ப் பால் வாங்கி வைத்தார். யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஜோதியம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சமையலறை மூலையில் ஆடி ஆடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை. இப்படியும் அவளால் முடியும் என்று தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது சுற்றுக்குத் தனம் மறுபடி குளுக்கோஸ் கலக்கினாள். வாசலில் நின்றாள். தூரத்தில் அவன் வருவது தெரிந்தது. அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது; ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தான். ஆனாலும் நடக்கவில்லை.

வீட்டை நெருங்கும்போது சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டான். மலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். தனம் டம்ளரை நீட்டினாள். அவன் நிற்கவில்லை. வீட்டுப்பக்கம் பார்க்கவும் இல்லை. அப்படியே கடந்து போனான்.

நீட்டிய கையை அவள் கொஞ்ச நேரம் மடக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பந்தயம் முடியும் இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில்தான் வந்து இறங்கினான். நெஞ்சில் குத்திய நம்பர் அட்டை இன்னும் இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. சக்கரபாணி எழுந்து வந்து தாங்கப் பார்த்தார், அவன் விலக்கினான். படிக்குக் கீழேயே நின்றான்.

"முடிச்சிட்டேன்."

தனம் தலையாட்டினாள்.

"நடக்கலை. ஒரு எடத்துலயும் நடக்கலை."

"பாத்தேன்."

"அந்தத் தண்ணி இருக்கா?"

எடுத்து வந்து கொடுத்தாள். எறும்பு ஒன்று மிதந்தது. அவன் அதை எடுக்காமலே குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைப் படியில் வைத்தான்.

"ஜன்னலைச் சாத்த உடமாட்டானே அவன்" என்றான்.

நெஞ்சிலிருந்த நம்பர் அட்டையைக் கழற்றினான்.

"இப்பச் சொல்லு தனம்."

அவள் உள்ளே போய், கட்டிலைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தாள்.