பதினொரு வாழ்த்துரைகள்

பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் ஒரு நூல் வெளிவர வேண்டுமென்றால் முதலில் அதை எழுத ஒருவர் வேண்டும். அது சின்ன வேலை. பிறகு அதை வாழ்த்த ஆட்கள் வேண்டும். பெரும்பாடு அங்கேதான்.

பதிப்பாசிரியையின் மேசையில் கிடந்தது, ஒரு கால்நடை மருத்துவர் பதினான்கு ஆண்டுகள் புதர்புதராக அலைந்து எழுதிய நூல். மாடு தின்றால் உயிரைப் பறிக்கும் செடிகள், தின்றுவிட்டால் உடனே செய்ய வேண்டியவை. செடிகளை அறிவியல் பெயர் வரிசையில் அடுக்கச் சொன்னது வல்லுநர் குழு. மாடு மேய்ப்பவருக்கு அந்தப் பெயர் எங்கே தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஊரில் வழங்கும் பெயர். அதுவும் ஒரே செடிக்கு ஏழெட்டு. அந்தப் பெயர்களையெல்லாம் அகர வரிசையில் கோத்து, எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று காட்டும் சொல்லடைவை மருத்துவரும் அவளும் சேர்ந்து தயாரித்திருந்தார்கள். பதினான்கு பக்கம். அது இல்லாவிட்டால் நூல் பூட்டிய வீடு.

ஒப்புதல் கிடைத்தது முந்நூற்று இருபது பக்கத்துக்கு. ஆறு பேரின் வாழ்த்துரைக்கு, ஆளுக்கு இரண்டு பக்கமென்று பன்னிரண்டை விட்டுக்கொடுத்தும் எல்லாம் கச்சிதமாக அடங்கியிருந்தது. போன வாரம்வரை.

துணைவேந்தரின் பதவிக்காலம் மாதக் கடைசியில் முடிகிறது, நாற்காலி காலியாகிறது என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்தில் பலருக்கும் கால்நடைகள்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. புதிதாக ஐந்து வாழ்த்துரைகள் வந்தன, ஐந்து புகைப்படங்களோடு. துணைவேந்தரும் தன்னுடையதை இரண்டு பக்கத்திலிருந்து ஆறாக நீட்டியிருந்தார். மாடு என்ற சொல் அதில் ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதுவும் உவமையாக.

மொத்தம் பதினான்கு பக்கம் கூடுதல். அவள் இயக்குநர் அறைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் சொல்லும் பதிலால் அவருக்குப் 'பார்க்கலாம்' என்றே பெயர்.

"சார், அச்சுல பதினாறு பதினாறாத்தான் கூட்ட முடியும். இன்னொரு பதினாறு பக்கத்துக்கு அனுமதி வாங்கிடலாமா?"

"பார்க்கலாம். வெளியீட்டுக் குழு கூடணும். அது ஆறு மாசம் கழிச்சு."

"விழா இருபத்தெட்டாம் தேதி சார்."

"அதான் சொல்றேன். எதையாவது எடுத்துடுங்க."

"வாழ்த்துரைய எடுக்கவா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பென்ஷன் வாங்க வேண்டாமாம்மா?"

"அப்ப எதை எடுக்கறது?"

"நூல் வல்லுநர் குழு பார்த்தது, கைவைக்க முடியாது. வாழ்த்துரை பெரியவங்க குடுத்தது. இந்தச் சொல்லடைவு யார் பார்த்தது?"

"பக்க எண் முடிவான பிறகுதானே சார் அதைப் போட முடியும்? எந்தக் குழுவும் எப்படிப் பார்த்திருக்கும்?"

"அப்ப ஒப்புதல் இல்லாத ஐட்டம்" என்றார் இயக்குநர், பிரச்சினை தீர்ந்த நிம்மதியோடு. வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்தில் அவர் 'பார்க்கலாம்' சொல்லாத முதல் தீர்ப்பு அது.

அன்று சாயங்காலம் மகள் பள்ளி ஆண்டு மலரோடு வந்தாள். நூற்றுப்பத்துப் பக்கத்தையும் தாண்டி, தன் பெயர் இருந்த ஒரே வரியில் போய் விரலை வைத்தாள். "படிக்கவே இல்லையேடி" என்றாள் இவள்.

"எல்லாரும் அப்படித்தான். தன் பேர் இருக்கான்னுதான் முதல்ல தேடுவாங்க" என்றார் அவள் கணவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "உங்க ஆபீஸ்ல எப்படி?"

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

மறுநாள் சொல்லடைவில் ஒரு வரி சேர்த்து, நூலின் மாதிரிப் படியைத் துணைவேந்தர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் முதலில் தன் படத்தைப் பார்த்தார். அப்புறம் மற்றவர்கள் படம் தன்னுடையதைவிடப் பெரிதா என்று பார்த்தார்.

"சார், சொல்லடைவை எடுக்கச் சொல்றாங்க."

"அதெல்லாம் யார் படிக்கிறா?"

"படிக்கறதுக்கு இல்ல சார், தேடறதுக்கு."

"புத்தகம் கையில இருக்கு. அப்புறம் என்ன தேடறது?"

"உங்க பேரைத் தேடுவாங்க சார். இதோ, 'து' வரிசையில."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விரல் அந்த வரியில் நின்றது, நகரவில்லை.

"இது இருக்கணும்மா" என்றார் கனிவாக. "இது நூலோட ஆன்மா. இதையா எடுக்கச் சொன்னாங்க? என்ன ஆளுங்க!"

அவள் படியிறங்கும்போது சின்னதாகச் சீட்டியடித்துக்கொண்டாள். நான்கு நாள் அந்தச் சந்தோஷம் நீடித்தது.

ஐந்தாம் நாள் இயக்குநர் கூப்பிட்டார். விஷயம் பரவி, மீதிப் பத்துப் பேரும் தங்கள் பெயரையும் சொல்லடைவில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள், பட்டங்களோடும் வகித்த பதவிகளோடும்.

"சொல்லடைவு இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. வாழ்த்துரையும் குறையக் கூடாது. அதனால ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். பிரமுகர்கள் பேர் மட்டும் ரெண்டு பக்கத்துல அடங்குது. செடியெல்லாம் எடுத்துடலாம்."

"அந்த ரெண்டு பக்கம் எங்கிருந்து வருது சார்?"

"ஆசிரியர் முன்னுரை ரெண்டு பக்கம் இருக்கே. புத்தகம் முழுக்க அவர்தானே பேசறாரு, முன்னாடி வேற எதுக்கு?"

அவள் கத்தவில்லை. கத்தினால் அதற்கும் ஒரு குழு அமைப்பார்கள். தன் அறைக்கு வந்து மருத்துவருக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஏதோ மாடு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்; பெயரைச் சேர்த்துக் காட்டியது தன் புத்திசாலித்தனம்தான் என்பதையும் மறைக்கவில்லை.

"முன்னுரை போனா போகட்டும்மா" என்றார் அவர். "மாடு நுரை தள்ளிட்டு நிக்கும்போது, மாட்டுக்காரன் துணைவேந்தர் எந்தப் பக்கம்னா தேடுவான்?"

"மன்னிச்சுக்கங்க சார்."

"அட, விடுங்க. அந்தப் பதினாலு பக்கம் உங்ககிட்ட இருக்கில்ல? அதைக் குடுங்க. நகல் எடுத்து நானே ஒவ்வொரு புத்தகத்துலயும் சொருகிக் குடுக்கறேன்."

"எண்ணெல்லாம் தப்பாயிடுச்சு சார். வாழ்த்துரை பதினாலு பக்கம் வீங்கி, உங்க முன்னுரை ரெண்டு பக்கம் போனதுல, ஒவ்வொரு செடியும் பன்னெண்டு பக்கம் தள்ளிப்போயிடுச்சு. திருத்தறதுன்னா ரெண்டாயிரம் எண்ணு."

"எதுக்குத் திருத்தணும்? பன்னெண்டைக் கூட்டிக்கன்னு மேல எழுதுங்க. மாடு வச்சிருக்கறவனுக்குக் கூட்டல் தெரியாதா?"

அவள் பழைய சொல்லடைவைக் கணினியில் திறந்து, முதல் பக்கத்தின் உச்சியில் அடித்தாள்: 'கொடுத்துள்ள பக்க எண்ணோடு பன்னிரண்டைக் கூட்டிக்கொள்க.' அச்செடுத்து மருத்துவருக்கு அனுப்பப் போகும் நேரம் துணைவேந்தரின் உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், விளையாட்டுத் துறைத் தலைவரோட வாழ்த்துரையும் வந்துடுச்சு. ரெண்டே பக்கம். உங்களுக்கென்ன, எங்கயாவது நுழைச்சுடுவீங்க."

"நுழைக்கிறேன்" என்றாள். அவர் போனதும் 'பன்னிரண்டை' என்பதை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டாள், விழா முடிந்த மறுநாள் எண்ணைப் பேனாவால் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நீளமாக.