சாம்பல் நிறத்தில் எங்கள் தெரு

1

இந்தக் கதை ஒரு லேப்டாப் திரையிலிருந்து வந்தது. நானாக யோசித்தது எதுவும் இல்லை. யோசித்திருந்தால் இதைவிட நல்லதாக யோசித்திருப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பரமத்தி வேலூரில் காவிரி அகலமாக, அழகாக...'

அடித்துவிட்டேன். ஆற்றை அழகு என்று எழுத இப்போது கை வரவில்லை.

2

கேப்டன் கௌசிக் என் அத்தை மகன்; நாங்கள் கூப்பிடுவது மாமா என்று. எல்லையில் ஒரு பணி முடிந்து, அடுத்த இடத்துக்குப் போகும்வரை ஊரில் இருக்கிறார். இந்த இடைவெளியில் அதிகாரிகளுக்கு ஆன்லைனில் வகுப்பு நடக்கிறது. வெள்ளிக்கிழமை அவருக்கும் என் அக்கா மோனிஷாவுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யப்போகிறார்கள்.

(கௌசிக்கைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். முயன்றேன். வரவில்லை.)

3

வாழைப்பூ கொடுக்க நானும் அக்காவும் மேட்டுத் தெருவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனோம். மாமா லேப்டாப் முன்னால் இருந்தார். திரையில் எங்கள் ஊர் வரைபடம். மேட்டுத் தெரு பச்சை. கடைவீதி மஞ்சள். ஆற்றோரம் எங்கள் தெரு மட்டும் சாம்பல்.

"ஏனுங்க மாமா, எங்க தெருவுக்கு வேற கலரே கெடைக்கலீங்களா?" அக்கா சிரித்தாள்.

"வெள்ளம் வருது, படகு கொஞ்சந்தான். யார மொதல்ல ஏத்தறதுன்னு திட்டம் போடோணும். அதான் பாடம்."

"சாம்பல்னா?"

"பச்ச மொதல்ல போற எடம், மஞ்ச அடுத்தது. சாம்பல், போய்ச் சேர நேரம் பத்தாத எடம்."*

"அப்ப எங்கள உட்டுருவீங்க."

"பாடந்தானே மோனி. நெசமா வெள்ளம் வந்தா நான்..."

அவர் முடிக்கவில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுகூட வரவில்லை.

* இந்தத் திட்டத்தை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் பாராட்டினாராம். அத்தை சந்தோஷமாகச் சொன்னார். சாம்பல் எந்தத் தெரு என்று அத்தைக்குத் தெரியாது.

4

அந்த வாக்கியத்தை நான் முடித்துப் பார்க்கிறேன்.

'நெசமா வெள்ளம் வந்தா நான் உங்க ஊட்டுக்குத்தான் மொதல்ல வாரேன்.' இது சினிமா.

'நெசமா வெள்ளம் வந்தா நான் இதையேதான்...' இதை என்னாலும் முடிக்க முடியவில்லை.

அக்காதான் கேட்டாள்: "அந்தச் சாம்பல் கட்டத்துக்குள்ள எங்கம்மா இருக்குதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். தெரியாத ஊர எடுத்திருந்தா சுலுவாச் சாம்பல் போட்டிருப்பேன். அப்படிப் போட்டுப் பழகக் கூடாதுன்னுதான் நம்மூர எடுத்தேன்."

அவர் கை மவுஸுக்குப் போனது. (போனதா, நான் சேர்த்தேனா? இருக்கட்டும்.) நிறத்தை மட்டும் மாற்றவில்லை.

5

முடிவு ஒன்று: அக்கா வேண்டாம் என்கிறாள்.

முடிவு இரண்டு: மாமா எங்கள் தெருவைப் பச்சையாக்கிவிட்டு, வேறொரு தெருவை...

இரண்டையும் அடித்துவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை. சற்று முன் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கட்டிக்கிட்டா நான் மேட்டுத் தெருவுக்குப் போயிருவேன். பச்சையாயிருவேன். நீயும் அம்மாவும் இங்கயேதான் இருப்பீங்க. உனக்குச் சம்மதமா? நீ சொல்றதத்தான் நாளைக்கு அங்க சொல்லுவேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் வீடு என்ன நிறம்?