பாறைக்கடியில் மாமனார்

கல்யாணத்துக்கு முன்னால் கடலே கதியென்று கிடந்த மனிதர் அவர். பெண்ணைக் கொடுத்த மாமனார், கூடவே காற்றடிக்கும் மெஷினையும் தலையில் கட்டிவிட்டார். ஆறு வருஷமாக ஊரார் கடலுக்கடியில் முங்குவதற்கெல்லாம் முதுகில் மாட்டும் சிலிண்டரில் காற்று நிரப்புகிறார். இவர் தலை மட்டும் நனைந்தபாடில்லை. முங்கிப் பார்க்கப் பயணம் வருகிறவர்கள் ‘காத்துக்காரர்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பயணம் போவது ஆள் நடமாட்டமில்லாத, அரசாங்கம் பாதுகாக்கும் ஒரு தீவுக்கு. ஒரு தடவைக்கு நாலே நாள் அனுமதி, கூடாரத்தில்தான் தங்க வேண்டும். மாமனார் படகோட்டுவார். மனைவி வழிகாட்டி, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தினமும் இரண்டு தடவை கீழே போவாள். இவர் கரையில் மெஷினோடு மல்லுக்கட்டுவார். மெஷினின் காற்றுக் குழாய் இன்ஜின் புகையை இழுக்கக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். அங்கே இங்கே நகரக்கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். ஒரே ஒரு தடவை கீழே போனால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கேட்கத்தான் வாய் வராது.

இந்தத் தடவை இரண்டாம் நாள் சாப்பிடும்போது, முங்க வந்த பல் டாக்டர் ஒருவர் வாயை விட்டார். “இன்னிக்கு மாமனார் செம கோவத்துல இருந்தார்ல?”

“யாரு மாமனார்?” என்றார் மாமனார்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

“பாறைக்கடியில ஒரு பெரிய களவாய் மீன்பா. சும்மா ஒரு பேரு” என்றாள் மகள்.

“என்னை மாதிரியா இருக்கு?”

“தாடை மட்டும் கொஞ்சம்” என்றார் டாக்டர், தொழில் புத்தி போகுமா?

மாமனாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காது கெட்டுப்போனதால் அவரால் முங்க முடியாது. மகளைக் கேட்டால் மழுப்புவாள், வந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். விடிந்ததும் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை, உங்களை மாதிரி நேர்மையான ஆளு இங்க யாரும் இல்ல.”

ஆறு வருஷத்தில் முதல் பாராட்டு. காத்துக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்க போய்ப் பாத்துட்டு வந்து உள்ளதைச் சொல்லுங்க. மெஷினை நான் பாத்துக்கறேன்.”

மறுபேச்சு எதற்கு? அடுத்த கால்மணி நேரத்தில் மனைவியின் பக்கத்தில் கடலுக்கடியில் இருந்தார். மேலே வெயில் கலங்கிக் கலங்கித் தெரிந்தது, காலடியில் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடின. தான் அடித்த காற்றைத் தானே இழுத்தார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் வழியில்லை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாறை இடுக்கில் மாமனார் கிடந்தார். தொங்கிய கீழுதடு, உருட்டி விழிக்கும் கண், உலகத்தையே நம்பாத முகம். அச்சு அசல். காத்துக்காரருக்குச் சிரிப்பில் புரை ஏறப் பார்த்தது.

கரையேறியதும் மாமனார் ஓடி வந்தார். “என்ன, என்னை மாதிரியா?”

ஆமாம் என்றால் அடுத்த ஆறு வருஷமும் மெஷின்தான். இல்லை என்றால் நேர்மை போச்சு. நாளை ஒரு நாள்தான் மிச்சம்.

“சரியாத் தெரியல மாமா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. இன்னொரு தடவை போய்ப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

மாமனார் கீழுதட்டைத் தொங்கவிட்டுக் கண்ணை உருட்டி மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். காத்துக்காரர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மாமனார் அவர் முதுகிலிருந்த சிலிண்டரைத் தானே கழற்றி, காற்று நிரப்ப மெஷினில் மாட்டினார்.

“நாளைக்காவது கண்ணைத் திறந்து பாருங்க” என்றார்.