லேசு என்று பெயர் வைத்த இலை

என் கணவன் எவெலியோவுக்கு மழைக்கால ஜுரத்தோடு மோப்பம் போய்விட்டது. இது எஸ்தெலி ஊரிலேயே எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் மூக்கு என்னவோ பெரிதாகத்தான் இருந்தது. மாட்டுக்கொட்டகைக்கும் ரொட்டிக்கடைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு.

வேறு வேலை செய்பவனாக இருந்தால் கவலையில்லை. நாங்கள் இருவரும் சுருட்டுத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் மேசைக்காரர்கள். புதிதாக ஒரு கலவை சுருட்டினால், காலையில் வெறும் சோள ரொட்டியை, தோர்த்தியாவை, தின்றுவிட்டு உட்கார்ந்து, பற்றவைத்து, வாய்க்கும் மூக்குக்கும் என்ன தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும். மூக்கு போனால் மேசையில் இடமில்லை. முன்பு செப்பே என்று ஒருவன் இருந்தான். மூக்கில் ஆபரேஷன் ஆனதும் பெட்டி ஒட்டும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து பசை கிளறுகிறான், யாரிடமும் பேசுவதில்லை. எவெலியோவும் அப்படி ஆகிவிடுவான் என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் மேசைக்கு அடியில் என் கால் பேசியது. ஒரு மிதி மிதித்தால் மண்வாசனை. இரண்டு மிதித்தால் மிளகு. உரசினால் காபி. அவன் கண்ணை மூடி, பெரிய ஞானி போலப் புகையை விட்டுவிட்டு, நான் மிதித்ததைச் சொல்வான். எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும்.

அன்றைக்குச் சாதுவான கலவை வரும் என்றார்கள், காலையில் பிடிக்கிற மாதிரி. முந்தைய நாளே அவனுக்குப் பாடம் சொல்லிவைத்தேன்.

"பாலாடை, ரொட்டி, தேவதாரு. இவ்வளவுதான். வேற எதையும் உளறிவைக்காத."

"பாலாடை, ரொட்டி, தேவதாரு," என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

ஆனால் காலையில் கலவைக்காரர் தோன் எர்மினியோ எங்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறதாம். எதிரே சுருட்டுக்கூடத்து மேஸ்திரியம்மா சொக்கோரோ. இனி காலை எட்டி நீட்டித்தான் மிதிக்க வேண்டும். சரி, பாடம்தான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பற்றவைத்தேன்.

முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, இது சாது இல்லை. நாக்கின் ஓரமெல்லாம் மிளகு. புகையை மூக்கு வழியாக விட்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே கடுங்காபியும் கருகின வெல்லமும் வந்து நின்றன. புகை வாயில் குழம்பு மாதிரி கெட்டியாக உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல சுருட்டு. அந்த நேரத்தில் எனக்கு அதை ரசிக்கத்தான் முடியவில்லை.

நடந்தது இதுதான். இலைக் கிட்டங்கிக்குத் தலைநகர் மானாகுவாவிலிருந்து யஹைரா என்ற பெண் புதிதாக வந்திருந்தாள். செடியின் உச்சியில் வெயிலை எல்லாம் குடித்து வளர்கிற இலைக்கு எங்கள் ஊரில் லிஹேரோ என்று பெயர். லிஹேரோ என்றால் லேசு. எவன் வைத்தானோ, இருப்பதிலேயே ஆளை அடிக்கிற இலை அதுதான். லேசான கலவைக்கு இலை கேட்டிருக்கிறார்கள், இவள் லேசு என்று பெயர் போட்ட மூட்டையையே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறாள்.

எவெலியோ இப்போது பாலாடை என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. மேசைக்கு அடியில் காலை நீட்டி ஓங்கி இரண்டு மிதி மிதித்தேன். அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மறுபடியும் மிதித்தேன். அவன் நெற்றியில் வேர்வைதான் வந்தது.

"எவெலியோ, நீ சொல்லு மொதல்ல," என்றார் தோன் எர்மினியோ.

அவன் சுருட்டைச் சாம்பல் தட்டில் வைத்தான். என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியல தோன் எர்மினியோ," என்றான். "மழையில வந்த ஜுரத்தோட என் மூக்கு செத்துப்போச்சு. இவ்வளவு நாளா உங்கள ஏமாத்திட்டேன். சாது கலவைன்னாங்க, ஆனா இது சாது இல்ல. முழங்கால் ரெண்டும் கழண்டு போன மாதிரி இருக்கு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

சொல்லி முடிக்கும்போதே விக்கல் பிடித்துக்கொண்டது. கனமான சுருட்டு சில பேரை அப்படித்தான் பிடிக்கும்.

சொக்கோரோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. தோன் எர்மினியோ குனிந்து தன் செருப்பைத் துடைத்தார்.

"தொமிதிலா, ரெண்டு மிதின்னா மிளகுதானே? எனக்கும் மிளகுதான் தெரிஞ்சுது."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"உங்க காலா அது?"

"பின்ன யாரு காலு? போன மாசம்கூட எதிர்ல உக்காந்திருந்தப்ப, ஒருதடவ என் காலையும் சேத்து உரசின. கெழவன் மேல இவளுக்கு ஆசையான்னு ராத்திரி பூரா தூக்கம் வரல. அப்புறம்தான் இவன் காபின்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு."

சொக்கோரோ மேசையைத் தட்டிச் சிரித்தாள். "தாயே, எனக்கும் ஒரு மிதி குடேன்!"

எவெலியோ சிரிக்கவில்லை, விக்கிக்கொண்டே இருந்தான். "அப்ப... பசைக் கொட்டகைக்கா... போகணும்?"

"மொதல்ல அதப் புடிச்சு முடி. இந்த மாதிரி சுருட்ட அணையவிடுறது பாவம். பேச்சு அப்புறம்."

விக்கல் நிற்கவேயில்லை. எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கு விக்கல் வந்தால் செய்வதைத்தான் செய்தேன். பாவாடை ஓரத்தில் இருந்த சிவப்பு நூலைப் பிய்த்து, எச்சிலில் நனைத்து, அவன் நெற்றியில் ஒட்டினேன். சொக்கோரோ தொட்டில் ஆட்டுவது மாதிரி கையை ஆட்டிக் காட்டினாள். நான் கையை எடுக்கப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொமி."

"என்ன?"

"காலைல குவஹாதா பிழிஞ்சியா?"

ஆமாம், விடியும்போது பாலைத் திரித்து, தயிர்க்கட்டியைக் கையாலேயே பிழிந்து உப்புப் போட்டு வைத்தேன். நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் பார்க்கவும் இல்லை.

"கையெல்லாம் புளிச்ச பால் நாத்தம்," என்றான். மறுபடி மோந்து பார்த்தான். "நாறுது தொமி!"

நான் அந்தக் கையையே அவன் முகத்தில் அப்பிவிட்டு ஓவென்று அழுதேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. சுருட்டின் காரமா, தானாக வர வேண்டிய நேரமா, யாருக்குத் தெரியும்? மோப்பம் திரும்பி வந்துவிட்டது.

அவன் சுருட்டை எடுத்தான். பாதி தாண்டியிருந்தது. மெதுவாக இழுத்து, வாயில் வைத்து உருட்டி, கொஞ்சத்தை மட்டும் மூக்கால் விட்டான். யாரும் அவன் காலைத் தொடவில்லை.

"மிளகு அடங்கிடுச்சு. இப்ப காபி, வடிகட்டாத காபி. வெல்லம், அடிப்புடிச்ச வெல்லம். ஈர மண்ணு." இன்னொரு இழுப்பு. "கடைசியில லேசா லாயத்து வாடை இருக்கு. இந்த மூட்டைக்குத் தூக்கம் பத்தல தோன் எர்மினியோ. இலைய இன்னும் கொஞ்ச நாள் குவிச்சுப் போட்டு, அதோட சூட்டுலயே வேக விடணும்."

தோன் எர்மினியோ தன் சுருட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நாற்காலிய நகத்திக்கிறேன். புருஷன் பக்கத்துலயே உக்காந்துக்கோ," என்றார் என்னிடம். "ஆனா செருப்பக் கழட்டிட்டு உக்காரு."

யஹைரா அழுத முகத்தோடு வாசலில் நின்றாள். அவளைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. எவெலியோ எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீடு திரும்பும்போது சந்தை முனையில் நின்றுவிட்டான். அங்கே திறந்த சாக்கடை ஓடுகிறது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடம். நெற்றியில் சிவப்பு நூல் இன்னும் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

"அப்பப்பா, என்ன நாத்தம்!" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

நானும் மூக்கைப் பொத்தாமல் அவன் பக்கத்தில் நின்றேன்.