எட்டு மாத்திரைக் கன்னம்

பத்மஜா காலி மாத்திரை அட்டைகளைச் சமையல் மேடையில் விசிறினாள். தம்பி பணீந்திரனின் குடல் அழற்சிக்கு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு அது. தினம் எட்டில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து, இந்த ஐந்தாவது வாரத்தில் நாலுக்கு வந்திருக்க வேண்டும். அட்டைகளோ எட்டு எட்டாகவே காலியாகியிருந்தன.

"டேய், எத்தனைடா முழுங்கற?"

"அம்மா கையில குடுக்கறதப் போட்டுக்கறேன். யாரு எண்ணினா?" என்றான், பெசரட்டுத் தோசையைப் பிட்டுக்கொண்டே. முப்பத்தொரு வயது. தெனாலியில் கல்லூரிக் கணக்கு வாத்தியார் வேறு!

"நாந்தான் குடுத்தேன்," என்றாள் அம்மா அனசூயம்மா. "இப்பத்தான் கன்னத்துல சதை புடிச்சிருக்கு. வியாழக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம். அதுவரைக்கும் நிக்கட்டுமேன்னுதான்."

"அது சதை இல்லம்மா, மருந்து வீக்கம்! சக்கரை ஏறும், எலும்பு இளைக்கும், கண்ணுல புரை விழும். டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

அம்மா பதறிப்போய் மிச்ச மாத்திரை அட்டைகளை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். "அப்ப இன்னிலருந்து ஒண்ணுகூடக் கிடையாது."

பத்மஜா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த அம்மாவுக்கு நடுவில் நிற்கவே தெரியாது.

"சட்டுனு நிறுத்தினா அதைவிட ஆபத்து! உடம்பு தானா சுரக்கறத மறந்திருக்கும். மயங்கி விழுந்துடுவான்."

தேயிலைச் சக்கை ஒட்டிய அட்டைகளைப் பொறுக்கித் துடைத்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டாள். ஏழிலிருந்து மறுபடி படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். தப்பு செய்தவர்கள் இரண்டு பேர், ஏச்சு வாங்கியவள் அவள்.

வியாதியை முதலிலேயே சொல்லிவிடு என்று, பெண் பார்க்க பாபட்லா போகும் வழியெல்லாம் அம்மாவிடம் மன்றாடினாள். கேட்டால்தானே! பெண் வீட்டில் பூதரேக்குலு இனிப்புத் தட்டு வந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க பையனுக்கு ஒரு நோய்நொடி கிடையாதும்மா. கன்னத்தைப் பாருங்க!"

பெண் ஹைமாவதி அந்தக் கன்னத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"என் தங்கச்சிக்கும் இதே கன்னம் இருந்துச்சுங்க. எத்தனை மாத்திரை போடறீங்க?"

அம்மா அவசரமாக ஒரு பூதரேக்குலுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏழு," என்றான் பணீந்திரன். "நாலுதான் இருக்கணும்."

"யாரு எடுத்துக் குடுக்கறது?"

"அம்மா."

"இனிமே நீங்களே எண்ணிப் போட்டுக்குங்க. கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம்."

பவ்யமாகத் தலையாட்டினான். அக்கா கத்தும்போதெல்லாம் எங்கே போயிருந்தது இந்தத் தலை என்று பத்மஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.